மாடி டிவியில் மகளின் கல்யாணம்

சென்ற மாதம் ஆலங்குடியில் என் மகளுக்குக் கல்யாணம். கணவரை இழந்தவள் மணமேடை அருகே நிற்கக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் நானே மண்டபத்தின் மாடி அறைக்குப் போய்விட்டேன்.

அங்கே ஒரு டிவி இருந்தது. கீழே வீடியோக்காரரின் கம்ப்யூட்டரில் ஓடும் படம் அதில் தெரிந்தது.

"டிவி வயரு இம்புட்டு தூரத்துக்கு வராதுங்கக்கா. அதான் நெட் வயர்ல படத்த அனுப்புறோம். டிவிகிட்ட இருக்க அந்தச் சின்னப் பொட்டிதான் அத வாங்கி டிவிக்குக் குடுக்குது, அத மட்டும் தொட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு வீடியோக்காரர் இறங்கிப் போனார்.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்த நேரம், படம் லேசாக நடுங்கியது. என் கை சும்மா இருக்கவில்லை. பெட்டியிலிருந்த வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். திரை கறுத்துவிட்டது. படம் மீண்டும் வரச் சில நொடிகள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் கீழே கெட்டிமேளம் கொட்டியது. கையில் அட்சதையோடு கறுப்புத் திரையின் முன் நின்றேன்.

படம் வந்தபோது மகளின் கழுத்தில் தாலி இருந்தது. அவள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாடிக்கு ஓடி வந்தாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்டி. நல்லாத் தெரிஞ்சுச்சு."

"கீழ வந்தா என்னவாம் ஒனக்கு? மாமியாரே ரெண்டு தடவ கேட்டாங்க, ஒங்கம்மாவ எங்கன்னு."

கையிலிருந்த அட்சதையை அவள் தலையில் போட்டேன்.

இப்போது அவள் சென்னையில் இருக்கிறாள். கல்யாண வீடியோ வந்துவிட்டது. நான் தவறவிட்ட நொடி அதில் இருக்கும். ஆனால் நான் இல்லாத அந்த மேடையைத் தனியாக உட்கார்ந்து பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.