மாமா நனைக்காத ஊசி

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும், கருவிப் பையைத் திறப்பதற்கு முன்னால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா இதை யாரு தொட்டது?" கதவிடுக்கில் அட்டைப்பெட்டியைச் செருகி வைத்த குடித்தனக்காரர் தொட்டிருப்பார். இல்லாவிட்டால் பொறுமையில்லாமல் பொத்தானைக் குத்து குத்தென்று குத்திய யாரோ தொட்டிருப்பார். அந்த ஆளைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பார். கட்டிடங்களில் அது சரிதான். வீட்டுக்கு வரும்போதாவது அந்தக் கேள்வியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

கரியில் இறைச்சி சுடும் பார்பிக்யூ பைத்தியம் அவருக்குப் பிடித்தது போன வருஷம். பழைய எண்ணெய் டிரம் ஒன்றை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து, அடியில் கரி, மேலே கம்பி வலை, நடுவில் ஒரு மூடி என்று வெட்டி ஒட்டி, கொல்லைப்புறத்தில் நிறுத்தினார். கரி ஒரே சீரான சூட்டில் இருக்க வேண்டுமாம். அதற்காக டிரம்முக்கு ஒரு சின்ன விசிறி, விசிறியை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி, டிரம்முக்குள் எவ்வளவு சூடு என்று பெட்டிக்குச் சொல்ல நீள ஒயர் வைத்த ஒரு எஃகு ஊசி. அதை அவர் புரோப் என்பார், நாங்கள் ஊசி என்போம். சூடு குறைந்தால் விசிறி ஊதும், கூடினால் நிற்கும். "இனிமே அடுப்பு பக்கத்துல உக்கார வேண்டாம், அதுவே பாத்துக்கும்" என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். அது பார்த்துக்கொண்டதோ இல்லையோ, அதன் பக்கத்திலிருந்து இவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

என் மாமனார் வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு பெரிய ஹோட்டலில் பாத்திரம் கழுவியவர். மாமியார் போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். மாமா வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஞாபகம் என்றால் அவர்தான். சாவி, மாத்திரை, தைக்கக் கொடுத்த துணி, எதைக் காணோம் என்றாலும் ஒரு குரல் கொடுத்தால் போதும். உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் வரும்: "ஃபிரிட்ஜ் மேல பாரும்மா, கண்ணாடிக் கூடுக்கு அடியில." அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் ஒருவர்தானே ஞாபகம் வைத்திருந்தார். மத்தியானம் ஸ்கூல் வேனில் வரும் எங்கள் மகளைத் தெருமுனையிலிருந்து கூட்டி வருவதும் அவர் பொறுப்பு. அவருக்காக வேன் காத்திருந்ததே கிடையாது.

டிரம்மைக் கழுவி வைக்கும் வேலையையும் மாமா தாமாகவே எடுத்துக்கொண்டார். வலையைத் தேய்ப்பார், சாம்பலைக் கொட்டுவார். ஊசியைப் பற்றி மட்டும் மகன் படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தார்: "அப்பா, இதை மட்டும் தண்ணில போட்டுடாதீங்க. ஒயர் உள்ள போற இடத்துல ஈரம் இறங்கினா நம்பர் தாறுமாறா காட்டும்." சரி என்று மாமாவும் ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால் நுனியை மட்டும் துடைத்து, ஒயரைச் சுருட்டி, ஆணியில் மாட்டி வைத்தார். அவர் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பச்சைக் குழந்தையின் காதைத் துடைப்பதைப் போல அவ்வளவு பதமாகத் துடைப்பார்.

சில வாரம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு தம்மோடு வேலை பார்ப்பவர்களைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டார் இவர். முழுக் கோழிகள், பெரிய பெரிய இறைச்சித் துண்டுகள் என்று ஏகப்பட்ட தடபுடல். அவ்வளவுக்கும் காற்று போதாது என்று, கழித்துப் போட்ட லிஃப்ட் கூண்டு ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த பெரிய விசிறியை முதல் நாளே மாட்டிவிட்டார். மறுநாள் பெட்டியின் திரையில் சூடு நன்றாக ஏறி நின்றது. விருந்தாளிகளுக்கு அந்தத் திரையைக் காட்டி அவர் விளக்கம் சொன்ன அழகைப் பார்க்க வேண்டுமே, பெரிய விஞ்ஞானி தோற்றார். கடைசியில் கோழியை வெட்டினால் எலும்போரம் பச்சை ரத்தம். திரைதான் கொதித்ததே தவிர, உள்ளே கரி தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை பேர் கையில் காலித் தட்டோடு நிற்கிறார்கள். அப்போது வந்தது அந்தக் கேள்வி.

"கடைசியா இந்த ஊசியை யாரு தொட்டது?"

"நான்தாம்பா" என்றார் மாமா. "போன வாரம் துடைச்சு மாட்டினேன். ஈரத்துணியாலதான் துடைச்சேன். தண்ணில போடலை."

"போட்டிருப்பீங்கப்பா. வலையோட சேர்த்துப் போட்டிருப்பீங்க."

"இல்லடா. போடலை."

இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நாலு பேர் முன்னால் அப்பாவைப் பொய்யர் என்று சொல்லக் கூடாதல்லவா, அந்த மரியாதை. "பரவால்லப்பா. உங்களுக்கு ஞாபகம் இல்ல, அவ்ளோதான்."

எனக்கு அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பொய் சொல்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் மாமா எகிறியிருப்பார். இரண்டு பேரும் வாய்க்கு வந்தபடி கத்தியிருப்பார்கள், மறுநாள் காபியோடு எல்லாம் சரியாகியிருக்கும். மறந்துவிட்டீர்கள் என்று சொன்னால் ஒரு மனிதர் என்ன பதில் சொல்ல முடியும்? விருந்தாளிகளில் ஒரு அம்மாள், "எங்க வீட்டுப் பெரியவரும் இப்படித்தாங்க" என்று பரிவாகச் சொல்லி வைத்தாள். அவள் பரிவில் இடி விழ.

அன்றோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இவர் விடுகிற ஆளா? ஊசியைக் கேக் சுடும் ஓவனில் வைத்து மணிக்கணக்காகக் காய்ச்சினார். பெட்டியைச் சமையலறைக்குள் தூக்கி வந்து, ஊசியை ஐஸ் தண்ணீரில் விட்டுப் பார்த்தார், கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்த்தார். இரண்டிலும் அச்சுப் பிசகாமல் சரியான நம்பர். "பாத்தீங்களாப்பா? ஈரம் போனதும் ஒழுங்கா காட்டுது." மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கண்ணால் கண்டதை எப்படி நம்பாமல் இருப்பது? மறுபடி டிரம்மில் மாட்டினால் மறுபடி தாறுமாறு. "உள்ள இன்னும் கொஞ்சம் ஈரம் நிக்குது." மறுபடி ஓவன். ஒரு தடவை கடையிலிருந்து புத்தம்புது ஊசி வாங்கி வந்து, உறை பிரித்த கையோடு மாட்டினார். அதுவும் அதே கூத்து அடித்தது. அப்போதாவது உறைக்க வேண்டாமா? "யாரோ வாங்கி நனைச்சுட்டு கடையில திருப்பிக் குடுத்த பீஸு" என்று ஒரே போடாய்ப் போட்டார்.

"ஏங்க, மாமாதான் போடலைன்னு சொல்றாரே" என்று நான் எத்தனையோ தடவை சண்டை பிடித்தேன். "நான் என்ன அவரைத் திட்டினேனா?" என்பார். திட்டவில்லைதான்.

மாமா கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். காஸை மூடிவிட்டு வந்து, "மூடினேனாம்மா, போய்ப் பாரு" என்றார். நான் பார்ப்பேன், மூடித்தான் இருக்கும். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். சாவி எங்கே மாமா என்று கேட்டால், முன்னைப் போல டக்கென்று சொல்வதில்லை. "ஃபிரிட்ஜ் மேலன்னு நினைக்கிறேன்... நீ எதுக்கும் எல்லா இடத்துலயும் தேடிடும்மா." ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கும். அதைச் சொன்னால், குருட்டாம்போக்கில் சொன்னது பலித்த மாதிரி சிரிப்பார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து குட்டியை நீயே கூட்டிட்டு வந்துடும்மா."

"ஏன் மாமா, கால் வலிக்குதா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. நான் பாட்டுக்கு மறந்து உக்காந்துட்டேன்னா? பொம்பளப் புள்ள, தெருவுல நிக்கும்."

அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

விஷயம் வெளிப்பட்டது போன சனிக்கிழமை மத்தியானம். மகளுக்கு அன்றைக்கும் பள்ளி உண்டு. நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவர் டிரம்மில் கரியைப் பற்றவைத்து, ஊசியை மாட்டி, பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தார். விசிறிக் குழாயில் சாம்பல் அடைத்ததால் அதைத் தட்டுவதற்காக விசிறியின் ஒயரைப் பிடுங்கினார். திரையில் நம்பர் சட்டென்று இறங்கியது. கரி அதே கரி, ஊசி அதே ஊசி. மறுபடி ஒயரைச் செருகினார், விசிறி ஓடியது, நம்பர் ஏறியது. பிடுங்கினார், இறங்கியது. செருகினார். பிடுங்கினார். அவர் முதுகைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

பெரிய விசிறியை மாட்டிய அன்று, அதன் ஒயரையும் ஊசியின் ஒயரையும் பெட்டிக்குள் ஒரே கம்பியில் சேர்த்து முறுக்கியிருக்கிறார். விசிறி ஓடும்போதெல்லாம் அது இழுக்கிற கரண்ட் ஊசியின் கணக்கைக் கெடுத்திருக்கிறது. நம்பர் பொய்யாய் ஏற, சூடு போதும் என்று பெட்டி விசிறியை அடக்கிவிடும், கரிக்குக் காற்று போவதில்லை. சமையலறையில் சோதித்தபோது விசிறி கொல்லையில் டிரம்மோடு கிடந்தது, ஆகவே நம்பர் சரியாக வந்தது. கடைசியாகத் தொட்டவர் இவரேதான்.

வீட்டுக்குள் ஓடினார். மாமாவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார்.

"அப்பா, இங்க பாருங்க. விசிறி ஓடுது, ஏறுது. புடுங்குறேன், பாருங்க, இறங்குது. ஊசியில ஈரமே கிடையாது. என்னிக்குமே இருந்ததில்ல. தப்பு என்னோடதுப்பா. என்னை மன்னிச்சுடுங்க."

மாமா பொறுமையாகப் பார்த்தார். "சரிடா."

"சரிடான்னா? புரிஞ்சுதா?"

"புரியுது. விசிறியிலயும் ஏதோ கோளாறு இருந்திருக்கு."

"விசிறியிலயும் இல்லப்பா. விசிறியில மட்டும்தான்! நீங்க அதைத் தண்ணில போடவே இல்ல. இன்னிக்கு நீங்களே போய் குட்டியைக் கூட்டிட்டு வாங்க. நீங்கதான் போகணும்."

மாமா மகனின் தோளில் கை வைத்தார். ஆறுதல் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பது போல இருந்தது அந்தக் கை.

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே. நல்ல புள்ளடா நீ. ஆனா எனக்கு அது இப்ப நல்லா ஞாபகம் வந்துடுச்சு. நீல பேசின்ல சோப்புத் தண்ணி கலக்கினேன். வலையோட சேர்த்து ஊசியையும் போட்டேன். எடுத்து உதறினப்ப ஒயர் நுனியில தண்ணி சொட்டிச்சு. அப்படியே கண்ணு முன்னால நிக்குது."

எங்கள் வீட்டில் நீல பேசின் கிடையாது. எந்த நிறத்திலும் கிடையாது, குழாயடியில் ஓடுகிற தண்ணீரில்தான் எல்லாவற்றையும் கழுவுகிறோம். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். எந்தப் பேசினை, எந்த வருஷத்து ஹோட்டல் சமையலறையிலிருந்து எடுத்து வந்து அவர் தம் தப்புக்குச் சாட்சியாக வைத்தாரோ, தெரியவில்லை. அதை அவரிடமிருந்து எப்படிப் பிடுங்குவது என்று ஒயரைப் பிடுங்கத் தெரிந்தவருக்கும் தெரியவில்லை.

மாமா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வானத்தையும் பார்க்கவில்லை.

"வேன் முனைக்கு வந்திருக்கும்டா. கிளம்பு" என்றார்.

இவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். வேன் அப்போதுதான் வந்து நின்றதாம்.