எலிசியோ கழுவாத பூட்ஸ்

பெரிய ஆற்றில் தூண்டில் போட வருகிறவன் கோடீஸ்வரனாகவே இருக்கட்டும், முதலில் மீன்பிடி வழிகாட்டி எலிசியோ காஞ்சுபானின் பீப்பாயில் பூட்ஸை முக்கியாக வேண்டும். பீப்பாய் நிறைய உப்புத் தண்ணீர். அதில் ஊறவைத்து, அடியைத் தேய்த்து, எலிசியோ தலையாட்டினால்தான் ஆற்றில் கால் வைக்கலாம். "போன வாரந்தானே கழுவினேன்?" என்று யாராவது முனகினால், "போன வாரமுந்தான் சாப்பிட்டீங்க, இன்னைக்கு ஏன் ரெண்டு தட்டு வாங்கித் தின்னீங்க?" என்பான்.

எல்லாம் பாறைச் சளி என்கிற பாசிக்குப் பயந்துதான். மலைக்கு அந்தப்பக்கம், சிலியில், இரண்டு ஆறுகளை அந்தப் பாசி பிடித்துவிட்டது. கல்லெல்லாம் பழுப்பாய் மூடிப்போகும். ஈரப் பூட்ஸில் ஒரு துளி ஒட்டியிருந்தால் போதும், அடுத்த ஆற்றுக்கு வந்துவிடும். அதிலும் கம்பளி அடி வைத்த பூட்ஸ் லேசில் காயாது என்பதால், வழிகாட்டிகள் சங்கம் அதை அடியோடு தடை செய்தது. தடைக்கு முதல் கை தூக்கியவன் எலிசியோ.

அந்த மகாராசனின் வண்டி சீட்டுக்குப் பின்னால், சாக்குக்குள், ஒரு ஜோடி கம்பளி அடி பூட்ஸ் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ரப்பர் அடி வழுக்கி முட்டி உடைந்தது. அன்றிலிருந்து வழுக்காத இந்தக் கம்பளி அடியைத் தவிர வேறெதையும் நம்பி ஆற்றில் இறங்க அவனுக்குப் பயம். முட்டி போச்சு என்று தெரிந்தால் எவன் வேலை கொடுப்பான்? ஊரார் பூட்ஸையெல்லாம் கழுவினவன் இதை மட்டும் கழுவவில்லை. பீப்பாய்க்குக் கொண்டுபோனால் எல்லார் கண்ணிலும் படும். வீட்டில் கழுவியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான்.

போன வசந்தத்தில் அவனும் சக வழிகாட்டி ஆபெல் ரீகெல்மேயும் பத்து நாள் வேலையாகச் சிலிக்குப் போய்வந்தார்கள். ஆபெல் எலிசியோவின் மகளுக்கு ஞானத் தகப்பன். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். திரும்பி வந்த அன்று ஆபெலின் ஆணி வைத்த பூட்ஸை எலிசியோ தன் கையாலேயே தேய்த்துக் கழுவினான்.

இந்த நவம்பரில், பனி உருகின தண்ணீர் தெளிந்த முதல் வாரம், எலிசியோ ஒரு கனடாக்காரரை வில்லோ மர வளைவுக்கு அழைத்துப் போனான். அவன் தவிர யாரும் அதிகம் போகாத இடம். விருந்தாளி நன்றாகத்தான் வீசினார். இறகில் கட்டிய பொய் ஈ சுழலோரம் விழுந்து மூழ்கியது, கயிறு இறுகியது. "ட்ரவுட்! பெருசு!" என்று கத்தினார். இழுத்துப் பார்த்தால் மீன் இல்லை. நனைந்த கம்பளி மாதிரி ஒரு பழுப்புக் கொத்து.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்லீங்க, குப்பை."

அது என்னவென்று எலிசியோவுக்குத் தெரியும். சிலியிலிருந்து வந்த மறுநாளே, அங்கே போட்டிருந்த அதே கம்பளி அடி பூட்ஸோடு, இந்த வளைவில் இறங்கினவன் அவன் ஒருவன்தான். விருந்தாளியைப் படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், தன் தடம் பதிந்திருந்த கரை மணலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ஆற்றுக் காவலர் அந்தப் பாசியைக் கண்டுபிடித்துவிட்டார். கரையெங்கும் ஆணி வைத்த பூட்ஸ் தடம். நடுவில் ஆபெல் நின்றுகொண்டிருந்தான்.

சனிக்கிழமை சங்கம் கூடியது. தலைவி நீல்தா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"ஆபெல், போன வருஷம் சிலிக்குப் போனியா?"

"போனேன்."

"வளைவுல இருந்தது உன் தடந்தானா?"

"என்னோடதுதான்."

நீல்தா எலிசியோ பக்கம் திரும்பினாள். "பீப்பாய் உன் பொறுப்பு. இவன் கழுவினானா இல்லையா? நீ சொன்னா போதும், விட்டுடறோம்."

சுற்றி வந்துகொண்டிருந்த மாத்தே தேநீர்க் கோப்பை ஒருவர் கையிலேயே நின்றது. கழுவினான் என்றால், அப்புறம் யார் என்று கேள்வி வரும். எலிசியோ சொன்னது இதுதான்:

"ஞாபகம் இல்ல."

ஆபெல் அவனைப் பார்க்கவே இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஆபெலின் உரிமம் ரத்து என்று தீர்மானம் வந்தது. எல்லாரும் கை தூக்கினார்கள். எலிசியோவும் தூக்கினான். சீ, அதுவும் ஒரு கையா!

வெளியே ஆபெல் தன் வண்டியருகே காத்திருந்தான். ஆணி வைத்த தன் பூட்ஸை நீட்டினான்.

"இந்தா கொம்பாத்ரே. உனக்கும் எனக்கும் ஒரே அளவுதான். புது ஆணி அடிச்சிருக்கேன், வழுக்காது. அந்தக் கம்பளிச் சனியனை எரிச்சுத் தொலை."

எலிசியோ பூட்ஸை வாங்கிக்கொண்டான். "உனக்கு எப்படி..."

"வளைவுல பாசியைப் பார்த்தேன், பக்கத்து மணல்ல ஆணி அடையாளமே இல்லாம மொழுமொழுன்னு ஒரு தடம். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்த தடம். இந்த ஆத்துல வேற எவன்? மேல மிதிச்சு அழிச்சேன். அதுக்குள்ள காவலர் வந்துட்டாரு."

"ஏன்யா சொல்லாம இருந்த?"

"எனக்கு ஆட்டுப் பட்டி இருக்கு, எப்படியோ பொழச்சுக்குவேன். நீ என்ன பண்ணுவ?" ஆபெல் வண்டியில் ஏறிக்கொண்டான். "ஆனா கழுவினான்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு நெனச்சேன்யா. அதை மட்டுந்தான் நெனச்சேன்."

வண்டி போய்விட்டது. எலிசியோ அந்தப் பூட்ஸை மார்போடு பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். பிறகு தன் வண்டிக்குப் போய், சீட்டுக்குப் பின்னாலிருந்த சாக்கை இழுத்தான்.

நீல்தா சங்கக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். "என்ன எலிசியோ, எதையாவது மறந்துட்டுப் போயிட்டியா?"

அவன் சாக்கை அவள் காலடியில் கவிழ்த்தான்.

"ஞாபகம் வந்துருச்சு, நீல்தாம்மா. அவன் பூட்ஸை நான்தான் கழுவினேன். கழுவாதது இதுதான்."