பட்டம் காட்டிக்கொடுத்த செடி

மங்கம்மா இன்பராஜின் பெயரை முதன்முதலில் கேட்டது, தன் எருமைகளின் பால் கசந்துபோன வருஷம். ராபர்ட்சன்பேட்டை ஓட்டல்காரர் கேனைத் திருப்பி அனுப்பி, இன்னொரு தரம் கசந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்றுவிட்டார். எருமைகள் எங்கேயோ, பாலைக் கசக்கவைக்கும் பார்த்தீனியச் செடியை மேய்கின்றன. எங்கே என்றுதான் தெரியவில்லை. மேய்ச்சல் காடோ மேடும் பள்ளமும் முள்ளும். நடந்து பார்த்து மாளாது.

"எங்க நாத்தனார் வூட்டுக்காரரு இன்பராஜ் மேலேருந்து போட்டோ புடிச்சிக் காட்டிருவாரு" என்றாள் பக்கத்து வீட்டுப் பிலோமினா.

"ஏரோப்ளேன் வெச்சிருக்காரா?"

"பட்டம் வெச்சிருக்காரு."

இன்பராஜ் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆளுயரப் பட்டத்தில் கேமராவைக் கட்டி, கூடவே ஒரு ஊதுபத்தியையும் செருகுவார். பத்தி எரிந்து, ரப்பரைக் கட்டியிருக்கும் நூலைச் சுட்டதும் ரப்பர் இழுத்துக் கேமரா பட்டனை அமுக்கும். பட்டம் கிளம்பும்போது, தங்கச் சுரங்கத்தில் ஆளேற்றும் கூண்டைச் சொல்வதுபோல், "கேஜ் ஏறுது, தள்ளு தள்ளு!" என்று கத்துவார். கேமரா தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று தான் மட்டும் ஹெல்மெட் போட்டுக்கொள்வார்.

போட்டோ கழுவி வந்தது. காடு முழுக்க வெள்ளை.

"அத்தனையும் பார்த்தீனியப் பூம்மா. எருமைங்கள வித்துடு" என்றார் இன்பராஜ்.

மங்கம்மா அழுதுகொண்டே காட்டுக்குப் போனாள். ஒரு இலையைத் தொட்டாள். கையெல்லாம் வெள்ளை மாவு. அந்த வாரம் அடித்த காற்றில், சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டு மண் பறந்து ஊரையே பூசியிருந்தது. ஊரே துணியை உதறி உதறி மடித்தது. போட்டோவைப் பார்த்தபோது மட்டும் அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"இன்னாண்ணா, சயனைடு மண்ணையா போட்டோ புடிச்சீங்க?"

"கேமரா பொய் சொல்லாதும்மா."

"கேமரா எங்க சொல்லிச்சி? நீங்கதான சொன்னீங்க!"

மழை பெய்து காடு கழுவிய பிறகு, ஊதுபத்தி மணக்க மறுபடி கேஜ் ஏறியது. இந்தத் தரம் காட்டில் வெள்ளையே இல்லை. ஓரத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குப் பின்னால் மட்டும் திட்டாக இருந்தது.

"யாரு கொட்டாய் இது? நல்லா வெளச்சல்" என்றார் இன்பராஜ்.

பிலோமினா விரல் வைத்துப் பார்த்தாள். "அடிப்பாவி மங்கம்மா, உன்னுதுடீ!"

சாணியைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசுவதோடு சரி, மங்கம்மா அங்கே எட்டிப் பார்த்ததே இல்லை. அங்கே செடி இடுப்புயரம் நின்றது. எருமைகள் சுவர் ஓட்டையில் தலையை நீட்டி இராத்திரிச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டிருந்தன.

கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு மூவருமாக வேரோடு பிடுங்கினார்கள். அப்போதும் இன்பராஜ் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அடுத்த வாரம் ஓட்டல்காரர் பாலைக் காய்ச்சிக் குடித்துப் பார்த்து, கேனை உள்ளே எடுத்துக்கொண்டார்.

இன்பராஜ் இப்போது பங்காருபேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார்.