வெளிக்கை பொன்னுலிங்கம்

"வெரல் எங்கட்டி?"

கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் அடியிலிருந்து பதில் வருகிறது. "மடியில."

பொன்னுலிங்கத்துக்கு அது போதாது. ரெண்டு கையுமா என்று கேட்பார். ரெண்டு கையும்தான் என்று உள்ளே இருப்பவள் சொன்ன பிறகுதான் கயிற்றைக் கம்பில் சுற்றி இழுக்கத் தொடங்குவார். ஒரு வள்ளத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் தையல். தையலுக்குத் தையல் இந்தக் கேள்வி, இந்தப் பதில். மணவாளக்குறிச்சிப் பக்கம் கால்வாய்க் கரையில் கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு, அதாவது உரிமட்டை, அழுகப் போட வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்களா? சாயாக்கடையில் அவர் காப்பிக்குக் கை நீட்டினால், "வெரல் எங்க ஓய்?" என்கிறார்கள். அவரும் வலது கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் காப்பியை வாங்குகிறார். கோபித்துக்கொண்டதே இல்லை.

நாற்பதைத் தாண்டிய, ஒடிசலான மனிதர். வேலை பழைய வள்ளங்களைப் பிரித்துக் கட்டுவது. உளுத்த அடிப்பலகையைக் கழற்றி அயினிப் பலகை போடுவார். ஒடிந்த வளைசட்டங்களை மாற்றுவார். ஆனால் பலகையோடு பலகையைச் சேர்க்க ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார். எல்லாம் கயிறுதான். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் தென்னந்தும்பை மெத்தைபோல வைத்து, துளைக்குத் துளை குறுக்கும் மறுக்குமாகக் கயிறு கோத்து இறுக்கித் தைப்பார். பிறகு குந்திரிக்கப் பிசினை எண்ணெயில் காய்ச்சித் தும்பின் மேல் பூசுவார். காய்ந்தால் நண்டு ஓடு மாதிரி ஆகிவிடும். தட்டினால் சத்தம் கேட்கும்.

ஆணிமேல் அவருக்கு அப்படி என்ன பகை என்று கேட்டால், "ஆணி அடிச்சா பலக பெணங்கும். கயிறுன்னா தட்டினா வளைஞ்சு குடுக்கும்" என்பார். மேற்கே சில பேர் ஆணியும் தகரமும் வைத்து வள்ளத்தை ஒட்டுப் போடுவதைச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார். கயிற்றை வாங்குவதற்கு முன் ஒரு கடி கடித்துப் பார்ப்பது வழக்கம். எந்த நீர்க்குட்டத்தில் அழுகிய தொண்டு என்று ருசியிலேயே தெரியுமாம். சரியா தவறா என்று சோதிக்க ஆள் இல்லை, ஏனென்றால் அந்தக் கயிற்றைக் கடிக்க வேறு யாரும் தயாராக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைத் தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமமிட்டு நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போவார். கையில் ஏறிய கொல்லாண்டி என்கிற முந்திரிக்கொட்டை எண்ணெயின் கறையும் நாற்றமும் எத்தனை தேய்த்தாலும் போகாது என்பதால் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொள்வார். யாரும் அப்படி நிற்கச் சொன்னதில்லை. அவருக்கே கூச்சம்.

இந்தத் தையல் ஒற்றை ஆள் செய்யும் காரியமல்ல. கவிழ்ந்த வள்ளத்துக்கு வெளியே ஒருவர், அடியில் இருட்டுக்குள் ஒருவர். வெளியே இருப்பவரை வெளிக்கை என்பார்கள். உள்ளே இருப்பவர் உள்கை. வெளிக்கை நுழைக்கிற கயிற்றை உள்கை வாங்கி, தும்பின் மேல் குறுக்கே போட்டு, மறு துளை வழியாக வெளியே தள்ள வேண்டும். தும்பு நகராமல் விரலால் அமுக்கிப் பிடித்து, கயிறு அதைக் கவ்வுகிற நேரம் பார்த்து விரலை எடுத்துவிட்டு, "வலி" என்று குரல் கொடுக்க வேண்டும். இங்கே வலி என்றால் இழு. உடம்பில் வருவதற்கு இங்கே நோவு என்று பெயர். போதுமான அளவு இறுகியதும் உள்கை "மதி" என்பார். வெளிக்கை ஆப்பு வைத்து நிறுத்துவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. நடுவில் இருப்பது ஒரு பலகையும் இரண்டு சொற்களும்தான்.

பதினெட்டு வருஷம் பொன்னுலிங்கத்துக்கு உள்கையாக இருந்தவர் ஜேசுதாஸ். குலசேகரத்தில் ரப்பர் வெட்டப் போனால் மாதச் சம்பளம் என்று அவர் ஒருநாள் கிளம்பிவிட்டார். பாதித் தைத்த வள்ளம் கரையில் கிடந்தது. பார்த்தாள் பொன்னுலிங்கத்தின் மனைவி பூங்கனி. கொண்டையை இறுக்கிக்கொண்டு உள்ளே தவழ்ந்துவிட்டாள். கடலுக்குப் போகிற வள்ளமாக இருந்தால் பெண் கால் வைத்தாள் என்று கரையே கூடியிருக்கும். இது தொண்டு சுமக்கிற கால்வாய் வள்ளம், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜேசுதாஸை விட அவள் கை வேகம் என்பதை ஒரே மாதத்தில் ஊர் ஒப்புக்கொண்டது. பொன்னுலிங்கம் அதை அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டார். பெருமையில் கொஞ்சம் அதிகமாகவே பேசித் திரிந்தார்.

பூங்கனி கிழக்கே, திசையன்விளைத் தேரிக்காட்டுக்காரி. சுதந்திரம் வந்த மறு வருஷம் கல்யாணம். பெண்ணை அழைத்து வரும்போது ஆரல்வாய்மொழி எல்லைச் சுங்கச் சவுக்கையில் வண்டியை நிறுத்தி, சீர்ப் பாத்திரங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். அவள் கூடவே கொண்டு வந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

போன வருஷம் மாசியில் ஒரு முற்பகல். தும்பு நழுவியது. அதைப் பிடிக்கப் போன பூங்கனியின் இடது ஆள்காட்டி விரல், கயிற்றுக்கும் பலகைக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டது. வலி என்றால் இந்தக் கரையில் இழு என்று அவளுக்குத் தெரியாதா? நாள் முழுக்கச் சொல்கிற சொல்தானே. ஆனால் உயிர் போகிற நேரத்தில் வாய்க்கு வருவது பிறந்த வீட்டுச் சொல். அவள் அலறுகிற பெண்ணுமல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு, "வலி... வலி..." என்றாள்.

வெளியே பொன்னுலிங்கம் சிரித்தார். இன்னும் இறுக வேண்டும் என்கிறாளே, என்ன பிடிவாதக்காரி என்று மகிழ்ந்துபோய், பலகையில் காலை ஊன்றி முழு பலத்தோடு இழுத்தார்.

விரலின் மேல்கணு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பூங்கனி இரண்டு மாதத்தில் மறுபடியும் வள்ளத்தடியில் தவழ்ந்தாள். அவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வீட்டில் உட்கார்ந்து ஒன்பதரை விரலை எண்ணிக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டாள்.

அன்று முதல் அவர் வாயில் அந்தச் சொல் வருவதில்லை. அவளும் சொல்லக் கூடாது என்று ஏற்பாடு. ஒரு தட்டுத் தட்டினால் இழு, இரண்டு தட்டினால் நிறுத்து. தும்பை விரலால் அமுக்கவும் கூடாது. அதற்கென்று ஒரு பனஞ்சிராயைச் செதுக்கிக் கொடுத்தார். அதைப் பிடித்த கையும் இழுக்கிற நேரத்தில் மடிக்குப் போய்விட வேண்டும். இத்தனைக்கும் பிறகு கேள்வி வேறு. இன்னொன்றும் உண்டு. கயிறு இறுகி முனகத் தொடங்குகிற இடத்தில், இன்னும் அரை முழம் இழுக்க வேண்டிய இடத்தில், அவர் கை நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தையலிலும் நின்றது. அதை அவர் மட்டும்தான் அறிவார். அதுவரை வந்த சின்ன வேலைகளில் அது வெளியே தெரியவில்லை.

இந்த வருஷம் வந்து சேர்ந்தது ஜெயசிங் முதலாளியின் வள்ளம். அவருடைய அப்பா காலத்து வள்ளம். இரண்டு மழைக்காலம் கால்வாயில் மூழ்கிக் கிடந்தது. ஜெயசிங் நல்ல மனிதர், சபையில் பாட்டுப் பாடுகிறவர், வள்ளத்தில் தண்ணீர் கசிந்தால் மட்டும் அந்தக் குரல் மாறிவிடும். பொன்னுலிங்கமும் பூங்கனியும் இரண்டு மாதம் பாடுபட்டு அடிப்பலகை மூன்றை மாற்றி, சட்டங்கள் போட்டு, தைத்துப் பூசி இறக்கினார்கள். காலையில் இறக்கிய வள்ளத்துக்குள் உச்சிப் பொழுதில் ஒரு சாண் தண்ணீர் நின்றது.

கரையில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஜெயசிங் சத்தம் போடவில்லை. "உள்ள வேற ஆளப் போடும் ஓய். கொறஞ்ச கையில தையல் நிக்குமா?" என்றார் தணிந்த குரலில். முடியாவிட்டால் ஆணிக்காரர்களிடம் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னார். ஆனால் பொன்னுலிங்கத்தின் காதில் ஆணி விழவில்லை. பூங்கனி இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டார். ஒரு வருஷமாக ஒளிக்காத கை.

அவர் ஓரடி முன்னால் வந்தார். பத்துப் பேரையும் பார்த்துச் சொன்னார்: "உள்ள ஒரு கொறவும் இல்ல மொதலாளி. வெளியாக்கும் கொறவு. எனக்க கைக்குப் பயமாக்கும். ஒரு வருசமா நான் முழுசா இழுக்கல்ல."

ஒரு தொழிலாளி நாலு பேர் முன்னால் தன் கையைத் தானே காட்டிக் கொடுப்பது லேசான காரியமா? இனி எந்த முதலாளி இந்தக் கையை நம்பி வள்ளம் தருவான்? ஜெயசிங், மண்டைக்காட்டுக் கோயில் கொடை முடிவதற்குள் சரிசெய்து தந்தால் சரி என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை வள்ளத்தை மறுபடி கவிழ்த்து, பூச்சைச் சுரண்டி, தளர்ந்த தையல்களை அறுத்தார்கள். பொன்னுலிங்கம் கயிற்றைத் தண்ணீரில் நனைத்து எடுத்து வந்தபோது பூங்கனி உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தாள். இழுப்புக் கம்பு அவள் கையில் இருந்தது.

"நீங்க உள்ள போங்க. வெளிய நான் நிக்கேன். எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல."

அவர் என்னென்னவோ சொன்னார். கம்புக்குப் பலம் வேண்டும் என்றார், ஊர் சிரிக்கும் என்றார். ஊர் சிரிக்காத நாள் எது என்று கேட்டாள் அவள். கடைசியில் பொன்னுலிங்கம் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாக, தான் கட்டுகிற வள்ளத்தின் அடியில் தவழ்ந்தார்.

உள்ளே ஈர மண்ணின் வாடை. துளைகளின் வழியாகக் காசு காசாக வெயில் விழுந்திருந்தது. இவ்வளவு இருட்டிலா இவள் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தார். கயிறு உள்ளே வந்தது. வாங்கிக் குறுக்கே போட்டு மறு துளையில் தள்ளினார். தும்பு சரியப் பார்த்தது. சிராயைத் தேடவில்லை. விரலாலேயே அமுக்கிப் பிடித்தார். கயிறு மெல்ல நகர்ந்து தும்பைக் கவ்வியது. விரலை எடுத்தார்.

இனி குரல் கொடுக்க வேண்டும். தட்டலாம், ஏற்பாடு அதுதான். ஒரு தட்டுத் தட்டினார்.

கயிறு அசையவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு தட்டு. அசையவில்லை. வெளியே பூங்கனி கம்பைப் பிடித்தபடி நிற்பது கயிற்றின் விறைப்பில் தெரிந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. பிறகு பலகைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், யாரோ தூங்குகிறவரை எழுப்பப் பயப்படுகிற மாதிரி, "வலி" என்றார்.

கயிறு முனகியது. அவர் கை எப்போதும் நின்றுவிடுகிற இடத்தில் அது நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போக, தும்பிலிருந்த தண்ணீர் பிதுங்கிச் சொட்ட, பலகைகள் இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கிக் கிறீச்சிட்டன. நடுவில் இருந்த வெளிச்சக் கோடு மறைந்தது. இப்போது மதி என்று சொல்ல வேண்டும். பொன்னுலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெளியே பூங்கனி அளவு பார்த்து ஆப்பை வைத்தாள். உள்ளே சத்தமே இல்லையே என்று குனிந்து அடுத்த துளையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாகக் கயிற்று நுனியை அவர் கைக்கு எட்டும்வரை உள்ளே நீட்டினாள்.