ஜெபத்தில் மூடாத கண்

போன ஞாயிற்றுக்கிழமை நாகலூரில் ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சி. பெண்ணின் அப்பா ஜெபமணி என் சிநேகிதர், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்.

சில நாளாக அவர் முகத்தில் இடது பாதிக்கு மட்டும் லீவு! சிரித்தால் வலது பக்கம்தான் சிரிக்கும். இடது கண் மூடவே மூடாது.

சேலத்து டாக்டரிடம் கூட்டிப்போனதே நான்தான். மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடியாம். முதலாவது வாசனைக்கு, இரண்டாவது பார்வைக்கு... ஏழாவது முகத்துக்கு. அதில் இடது பக்கத்து நரம்பு வீங்கிவிட்டது. மாத்திரை கொடுத்து, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்.

ஜெபமணிக்கு வேறு கவலை. "பக்கவாதம்னு நெனச்சு சம்பந்தமே வேண்டாம்னு போயிருவாங்க. மூச்சு விட்றாதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார்.

பிள்ளை வீட்டார் வந்தார்கள். முதலில் ஜெபம். எல்லோரும் கண்ணை மூடினோம். ஆமென் சொல்லி வாய் மூடவில்லை—

"ஏனுங்க, ஜெபத்துல ஒத்தக் கண்ணத் தொறந்து எங்களையே மொறைக்கறீங்க? நாங்க என்ன திருடவா வந்தோம்?" பிள்ளையின் அம்மாதான்.

ஜெபமணி சமாதானமாகச் சிரித்தார். பாதிச் சிரிப்பு எப்படி இருக்கும்? அசல் ஏளனம்!

"பாருங்க, நக்கல் வேற!" அந்தம்மா எழுந்தேவிட்டார்.

இனி சத்தியமாவது, ஒன்றாவது? விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"வாதமுங்களா?" பிள்ளையின் அப்பா பதறினார்.

"இல்லீங்க. வாதமா இருந்தா பெரும்பாலும் நெத்தி ரெண்டு பக்கமும் சுருங்கும். இவருக்குப் பாதிதான். ரைட்டரே, புருவத்தத் தூக்குங்க!"

ஒரு புருவம் ஏறியது. மற்றது அசையவில்லை.

"எனக்கு ஏறுதுங்களா?" பிள்ளையின் அப்பா தன் புருவங்களைத் தூக்கிக் காட்டினார்.

"ஏறுதுங்க. கன்னத்தையும் உப்பிப் பாருங்க."

உப்பினார். பயத்தில் அந்தம்மாவும் உப்பினார். மாப்பிள்ளை ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, பல்லை இளித்து, கடைசியில் அவரும் உப்பினார்...

காலையிலிருந்து பயத்தில் ஒரு வாய் சாப்பிடாத பெண், சரியாக அப்போதுதான் காபித் தட்டோடு உள்ளே வந்தாள். பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். தம்ளர்களெல்லாம் கடகடவென ஆடின.

மாப்பிள்ளை உப்பிய கன்னத்தோடு அப்படியே உறைந்துவிட்டார்.

"அப்பா... எனக்கு இவங்க ஊட்டுச் சம்பந்தமே போதும்ப்பா!" என்றாள் பெண், சிரிப்புக்கு நடுவே.

"நொம்பச் சிரிக்காத கண்ணு, காபி கொட்டிரும்" என்றபடி அந்தம்மா ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெபமணி மறுபடி பாதிச் சிரிப்புச் சிரித்தார். இம்முறை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு மாப்பிள்ளையின் உண்மையான முகம் தெரியக் கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகும். இவர் காபி வருவதற்குள் எல்லா முகத்தையும் காட்டிவிட்டாரே!