சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்த கோல்

போன வாரம் எங்கள் வீட்டு டி.வி.யில் விழுவதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டில் ஒரு கோல் விழுந்துவிட்டது.

ஒரே மேட்ச்தான். ஒரே பந்துதான். அப்புறம் எப்படி?

சொல்கிறேன், அவசரம் என்ன...

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் மில் டீமுக்கு ஃபுட்பால் ஆடியவர். பிரான்ஸ் ஆடுகிற மேட்ச் என்றால் பக்கத்து வீட்டு சலீமோடுதான் உட்கார்ந்திருப்பார். அங்கே டிஷ் இருக்கிறது. எங்கள் கேபிளில் அந்தச் சேனல் வராது.

இவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலே கதி. பக்கத்து வீடு பத்தடி தூரம்தான். அவருக்கு அது இப்போது பாரீஸ் தூரம்!

மேட்ச் போனது, பேச்சு போனது, பிறகு சாப்பாட்டுத் தட்டையும் தள்ளி வைக்க ஆரம்பித்தார். எனக்கு அதுதான் பயம்.

"நெட்டுல டி.வி. பாக்க புதுசா ஒரு பேக் வந்திருக்கும்மா" என்றான் மகன். "கிரிக்கெட் ஒரு ஆப்ல, கபடி ஒரு ஆப்லன்னு அலைய வேணாம். ஃபுட்பாலும் சேத்து எல்லாம் ஒண்ணா வருது. மொத மாசம் சும்மா."

"சலீம் வீட்டு மாதிரி டிஷ்ஷே போட்டுக்கலாமேடா?"

"டிஷ்ல போனது போனதுதாம்மா. இத நிறுத்தி வச்சிப் பாக்கலாம். நடுவுல அப்பாவுக்கு ஒண்ணுக்கு வந்தா?"

அந்த ஒரு பேச்சில் ஆப் ஜெயித்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் நிறுத்துகிற பட்டன் எது என்று ஒரே நாளில் பிடித்துக்கொண்டேன்.

முதல் மேட்ச். படம் கண்ணாடி மாதிரி! பிரான்ஸ் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறது... இவர் தலையைத் தூக்குகிறார்... சுவருக்கு அந்தப் பக்கம் "கோ...ல்!" என்று கூரை பிய்கிறது. எங்கள் வீட்டில் பந்து பாதி மைதானம் கூடத் தாண்டவில்லை.

இன்டர்நெட்டில் வருவது டிஷ்ஷுக்குக் கொஞ்சம் பின்னால்தான் வருமாம். எந்த விளம்பரத்திலாவது இதைச் சொல்கிறார்களா?

மறுநாள் சலீம் குஷியாக வந்தார். "இன்னாண்ணே, கோல் பாத்தீங்களா?"

"எங்கப்பா பாத்தேன்? உன் வாயாலதான் கேட்டேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சலீம் முகம் சுண்டிப் போய்க் கிளம்பினார். "அந்தக் கருமத்த எடுத்துடச் சொல்லு" என்று என்னிடம் ஒரு உத்தரவு. அன்றைக்கும் சோறு அப்படியே இருந்தது.

கொஞ்சம் மெதுவாகக் கத்துங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். அவர் வீட்டில் அவர் கத்துகிறார் — போய்க் கேட்க நான் யார்? கேட்கவில்லை.

முந்தாநாள் அடுத்த மேட்ச். ஒன்றுக்கு ஒன்று, சமம். முடியப்போகிற நேரம். "இந்தாமே... வருது" என்றார். பட்டனை அமுக்கினேன். பெட்பேன் வைத்து, துடைத்து, லுங்கி மாற்றி, தலையணையை நிமிர்த்தி... ஆற அமரத்தான் செய்தேன்.

பக்கத்து வீட்டில் மூச்சுப் பேச்சு இல்லை.

"ஊருக்குப் போய்ட்டானுங்களா?" என்றார்.

மறுபடி ஓடவிட்டேன். ஒருத்தன் ஓரத்திலிருந்து தூக்கிப் போட்டான்... இன்னொருத்தன் தலையால் முட்டினான்...

"கோ...ல்!"

முறிந்த இடுப்போடு அவர்தான் கத்தினார்! அந்தச் சத்தம் அடங்கவில்லை... சுவருக்கு அந்தப் பக்கம் மொத்த வீடும் வெடித்தது. கைதட்டல், விசில், யாரோ தட்டைத் தட்டுகிறார்கள்.

காலையில் சலீம் பெண்சாதி மைமூன் ஆட்டுக்கால் சூப்போடு வந்தாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

"எங்க வீட்ல மேட்சே முடிஞ்சி போச்சு அண்ணி. அண்ணன் சத்தம் மட்டும் வரல. 'அண்ணன் கத்தாம எவனாவது வாயத் தொறந்தீங்க, தொலச்சுடுவேன்'னுட்டு இவரு தலகாணியக் கவ்விக்கினு உக்காந்திருக்காரு! எங்களுக்கு மூச்சு முட்டிப் போச்சு."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "மைமூனு, சூப்பு இன்னும் இருக்கா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட்காமலே செய்கிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? சொல்லத் தெரியாமல் அவள் பாத்திரத்தைக் கழுவி, முறுக்கு போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

கேபிளா, டிஷ்ஷா, ஆப்பா என்று மகன் கேட்டான். ஆப்பே இருக்கட்டும் என்றேன்.

பின்னால் வந்தால் வரட்டுமே... எங்களுக்காக ஒரு வீடே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!