சோடி வண்டி

ஒரு சாமானைப் பார்த்த மாத்திரத்தில் அது உழைக்குமா உழைக்காதா என்று சொல்லிவிடுவேன். பெருமை அடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லண்டன் மனோர் பார்க்கில் என் பெயரில் கடைகள் எழும்பியதெல்லாம் இந்தக் கண்ணை வைத்துத்தான். குளிர்ப்பெட்டியோ, சாமான் ஏற்றுகிற வானோ, இறைச்சி வெட்டுகிற மெசினோ, எதை வாங்கப் போனாலும் முதலில் குனிந்து அடியைப் பார்ப்பேன். விற்கிறவன் மேலே பளபளவென்று துடைத்து வைத்திருப்பான். அடியைத் துடைக்கிற விற்பனையாளனை நான் இன்னும் காணவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு கையில் கொஞ்சம் மூச்சு வந்தபோது ரொம்ஃபோர்டுக்கு அப்பால், லண்டன் எல்லைக்குள்ளேயே, ஒரு காணி வாங்கினேன். பக்கத்தில் குதிரைக் கொட்டில். கீழே வாசல் படலை, படலையிலிருந்து மேலே ஏறுகிற ஒரே சரிவு. உச்சியில் நின்றால் கனறி வோர்ஃபின் உயரக் கட்டடங்கள் தெரியும். பூசணியும் கீரையும் லீக்ஸும் போட்டுக் கடைக்குக் கொண்டுவரலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் மனுசியோடு மேட்டில் போய் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம் என்பது என் கணக்கு. ஆனால் மழை தொடங்கினால் கார் படலையைத் தாண்டாது. எருவையும் வேலிக் கட்டையையும் தண்ணீரையும் மேலே ஏற்ற ஒரு வண்டி வேண்டும். மேட்டில் விளையாட்டாக ஓடித் திரியவும் அதே வண்டி உதவ வேண்டும்.

கிங்ஸ்பரியில் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி நாலு சில்லு மோட்டார் சைக்கிள்தான் சரி என்று நின்றான். "அண்ணை, குதிரையில ஏறின மாதிரிக் காலைப் போட்டிட்டு இருக்கலாம்" என்றான்.

"நீ ஏறுவாய். என்ர மனுசி சீலையோட எப்பிடியடா ஏறுறது?" என்றேன். அந்தக் கேள்வியோடு அது முடிந்தது. கார் மாதிரி இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற, பின்னால் பாரம் ஏற்றத் தட்டி உள்ள வண்டிதான் எனக்கு. இங்குள்ள கமக்காரர் அதை சைட் பை சைட் என்பார்கள். என் மனைவி அதற்குச் சோடி வண்டி என்று பெயர் வைத்தாள்.

என் மகளைக் கட்டியவர் கோயம்புத்தூர்க்காரர். வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. தன்மையான பிள்ளை, குரலை உயர்த்த மாட்டார். வண்டி பார்க்க அவரும் வந்தார். விற்கிறவனின் முற்றத்தில் சிவப்பு நிறத்தில் ஒன்று நின்றது. பெட்ரோல், பந்தயக் கார்ச் சீட்டு, சின்னத் தட்டி. அது பொடியன்களுக்கு. பற்றரியில் ஓடுகிற ஒன்று கிழவர்கள் கொல்ஃப் விளையாடப் போகிற மாதிரி நின்றது.

"மாமா, இது நல்லாருக்குல்ல? சத்தமே வராது. மெதுவா, சேஃபா போகலாம்" என்றார் மருமகன்.

"மெதுவாப் போறதுக்கு எனக்குக் கால் இருக்கு தம்பி" என்றேன்.

மூன்றாவதாக நின்றது டீசல் வண்டி. அழகில்லை, சேற்றின் நிறம். நான் சீமெந்தில் முழங்காலை ஊன்றிக் குனிந்தேன். அடியில் முழுநீளத்துக்கும் இரும்புத் தகடு, கல்லில் இடித்தாலும் என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. நிலத்துக்கும் வயிற்றுக்கும் நல்ல இடைவெளி. தட்டியில் ஏறி நின்று மிதித்தேன். கொளுக்கியை இழுத்தால் தட்டி தானாகச் சரிந்து எருவைக் கொட்டும். மனைவியை ஏற்றி இருத்தினேன். படி தாழ்வு, சீலை தடக்கவில்லை, பிடிக்கக் கம்பி இருந்தது. பிறகு தட்டியில் மண்மூட்டைகளை அடுக்கச் சொல்லி, முற்றத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் நானே ஓட்டி ஏற்றினேன். கோயில் தேர் மாதிரி அசைந்து அசைந்து, ஆனால் நிற்காமல் ஏறியது. "இதுதான்" என்றேன். விற்கிறவன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. எனக்கு அது தெரியும்.

"நீங்க அலைய வேணாம் மாமா. டெலிவரி எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் மருமகன்.

வண்டி காணிக்கு வந்த முதல் ஞாயிறு கூட்டாளியையும் கூப்பிட்டிருந்தேன். தட்டியில் எரு, பக்கத்தில் மனைவி. படலையிலிருந்து கிளம்பினேன். சரிவின் பாதியில் என்ஜின் முனகியது. பெடலை அடிமட்டும் மிதித்தேன். வண்டி நின்றேவிட்டது.

"என்ன அண்ணை, வண்டிக்கு இளைக்குதோ?" கீழேயிருந்து கூட்டாளி கத்தினான். "இறங்கித் தள்ளவோ? இல்லாட்டி அக்காவை இறக்கி விடுங்கோவன்!"

"புது வண்டியடா. பழக வேணும்" என்று நானும் கத்தினேன். பிறகு மனைவியிடம், "நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்டேன்.

"ஓம், நல்லா ஓடுது" என்றாள். கம்பியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமையும் அப்படித்தான். வெறும் தட்டியோடு தவழ்ந்து ஏறும், பாரம் வைத்தால் பாதியில் நிற்கும். வண்டி விற்றவனோடு கதைக்கும்படி மருமகனிடம் சொன்னேன். "கேட்டேன் மாமா. புது என்ஜின், கொஞ்ச நாள் டைட்டாத்தான் இருக்கும்னு சொல்றாங்க" என்றார் மருமகன். கொஞ்ச நாள் போயிற்று, மாதங்களும் போயின. நானே போய்ச் சத்தம் போட்டிருக்கலாம். ஆனால் போனால் என் தெரிவு பிழை என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும். கூட்டாளியோ காணிக்கு வரும்போதெல்லாம் "மாடு எப்பிடி இருக்கு அண்ணை?" என்று வண்டியைச் சுகம் விசாரித்தான்.

அவனுடைய பகிடி என்னைச் சுடவில்லை. உள்ளே வேறொன்று நடந்தது. அந்த முற்றத்து மேட்டில் ஏறிய வண்டி என் மேட்டில் ஏறவில்லை என்றால் நான் எதைப் பார்த்தேன்? குனிந்து பார்த்தேனே, அடியில் எதைக் கண்டேன்? அந்தப் பனிக்காலம் கடைக்குப் புதிய குளிர் அறை போட வேண்டியிருந்தது. இரண்டு மெசின்களுக்கு முன்னால் போய் நின்றேன். வழக்கம்போலக் குனிந்தேன். இரும்பும் குழாயும் தெரிந்தன, வேறொன்றும் தெரியவில்லை. எது உழைக்கும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லுமே, அது சொல்லவில்லை. நிமிர்ந்து, "நீங்களே பாத்து எடுங்கோ தம்பி" என்று மருமகனிடம் சொன்னேன்.

ஒன்று கொடுத்தால் மற்றதும் போகும். கடைக்குப் புது வானை அவர்தான் தெரிவு செய்தார். எந்தச் சாமானை எந்தத் தட்டில் அடுக்குவது என்று மகள் சொன்னாள். கோடை வருமுன் கடைச் சாவிக்கொத்தை மருமகனின் கையில் வைத்தேன். கண் போன பிறகு கடை எதற்கு? மனைவி பக்கத்தில்தான் நின்றாள். "இனிக் கொஞ்சம் ஆறி இருங்கோ" என்றாள்.

இலை உதிரத் தொடங்கியபோது வண்டிக்குச் சேர்விஸ் செய்ய, அதை விற்ற இடத்து மெக்கானிக் காணிக்கு வந்தான். அன்று நான் மட்டும்தான் அங்கே. எண்ணெய் மாற்றி, பெல்ட்டைப் பார்த்துவிட்டு, ஓட்டுகிற பக்கத்து ரப்பர் விரிப்பைத் தூக்கினான். பெடலை அடிமட்டும் போகவிடாமல் தடுக்கிற போல்ட்டை இன்னும் விட்டு வைக்கட்டுமா என்று சாதாரணமாகக் கேட்டான்.

எனக்கு இங்கிலீசு எழுதத் தெரியாது. ஆனால் கல்லாவில் நின்று கேட்டு வளர்ந்த காது. "என்ன போல்ட்?" என்றேன்.

பெடலுக்குக் கீழே என் நடுவிரல் நீளத்துக்கு ஒன்று. வண்டியைக் கொண்டுவந்து இறக்கிய நாளிலேயே குடும்பத்தார் கேட்டுப் போட்டது என்றான். அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஒரு அம்மாவும் சொன்னாவாம். அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். அவனுக்கு அது அன்பான கதை.

கழற்றச் சொன்னேன். தட்டி நிறைய எரு ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். பாதிச் சரிவு கடந்தது. முக்கால் கடந்தது. உச்சியில் போய் நின்று என்ஜினை நிறுத்தினேன். நான் பார்த்த வண்டி அப்படியே இருந்தது. என் கண்ணில் ஒரு பழுதும் இருக்கவில்லை. சந்தோசம் வரவேண்டிய இடம் அது. நான் போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

அந்த ஞாயிறு வீட்டில் எல்லாரும், கூட்டாளியும், மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். நான் சட்டைப் பையிலிருந்து போல்ட்டை எடுத்துச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். மகள் அதைப் பார்த்தாள், தண்ணீர் எடுத்துக் குடித்தாள். மருமகன் பருப்பைப் பிசைந்தார். மனைவி மீன்குழம்புச் சட்டியை அதில் முட்டாமல் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

கூட்டாளி மட்டும் எட்டி எடுத்தான். "இதென்ன அண்ணை, கதவு ஆணியோ?"

அந்த மேசையில் அவன் ஒருவனுக்குத்தான் அது என்னவென்று தெரியவில்லை. இத்தனை நாளும் என்னை நக்கலடித்தவன் அவன். மற்றவர்கள் எல்லாரும் என்னிடம் மரியாதையாகப் பேசியவர்கள்.

"சரிவுல கவுந்துடும் மாமா" என்றார் மருமகன், தலையைத் தூக்காமல். "இந்த மாதிரி வண்டி நிறையக் கவுந்திருக்குன்னு நெட்ல படிச்சேன். பயந்துட்டோம்."

"சொன்னாக் கேக்கிற ஆளோ நீங்கள்?" என்றாள் மனைவி.

"வண்டியைக் கட்டிப் போட்டனீங்கள், அது போகட்டும்" என்றேன். "எனக்குக் கண் போயிட்டுது எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருக்கேக்க ஒராள் வாய் திறந்தனீங்களோ? சாவியைத் தரேக்க உங்களுக்குத் தெரியும்தானே, தம்பி?"

"சாவிய நீங்களாத்தானே மாமா குடுத்தீங்க..."

தான் சொன்னதன் பொருள் அவருக்குச் சொன்ன பிறகுதான் விளங்கியது. முகம் சிவந்தது. எழுந்து போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து போல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். கூட்டாளி அன்று முழுவதும் ஒரு பகிடியும் விடவில்லை.

கடையை நான் மறுபடி எடுத்து நடத்தினேன், நன்றாகவே நடத்தினேன். அதைப் பற்றி யாரும் எனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு காணியில் நடந்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கதை முடியாது. நான் தட்டியில் எரு ஏற்றிக்கொண்டிருக்க, மனைவி வழக்கம்போல வந்து, சீலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்துச் சீட்டில் ஏறி இருந்தாள். நான் என்ஜினைக் கிளப்பினேன். ஏறினோம். பாதிச் சரிவைத் தாண்டும்போது அவளைப் பாராமல் கேட்டேன்.

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓம், நல்லா ஓடுது" என்றாள். அதே குரல். கம்பியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு, முதல் நாள் சொன்ன அதே மாதிரி.